கராஜின் மேல்தட்டு

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் இருந்த அந்தப் பழைய மாடிக்கட்டடத்துக்கு நகுலேஸ்வரன் போய்ச் சேர்ந்தபோது, வெயில் தன்னை இன்னும் கோடை என்றே நினைத்துக்கொண்டிருந்தது. வேலை கொடுத்த வீட்டுக்காரி, சின்யோரா, மட்டும்தான் காலண்டரை நம்பினாள்.

"நிக்கோலா, மழை தொடங்குவதற்குள் கராஜை ஒழுங்காக்கிவிடு. என் கணவரின் காரைத் தவிரத் தரையில் ஒன்றும் இருக்கக் கூடாது."

நகுலேஸ்வரன் என்ற பெயர் அவளுடைய வாய்க்குள் அடங்காது. முதல் நாளே நிக்கோலாவாக வெட்டித் தைத்துவிட்டாள். அவனும் வாய் திறக்கவில்லை. வேலை ஒப்பந்தம் இருந்தால்தான் பெர்மெஸ்ஸோவை, இந்த நாட்டில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்கலாம். பெர்மெஸ்ஸோ இருந்தால்தான் மனைவி குகனேஸ்வரியும் மகள் கேசிகாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேரலாம். மகளுக்கு அவன் கைத்தொலைபேசிக்குள் குடியிருக்கும் அப்பா. இந்தக் குளிர்காலம் முடியும்வரை சின்யோரா அவனை வைத்திருந்தால் போதும். பேய் வந்தாலும், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, கூட்ட வேணும்" என்று சொல்லிவிட்டுத் தும்புத்தடியை எடுப்பேன் என்று அறைக்காரர்களிடம் பகிடி விட்டிருந்தான்.

விடாமல் இருந்திருக்கலாம்.

அந்த வேலை முன்பு கேசவெனுடையது. மொரிசியஸ்காரன். பாட்டன் பூட்டன் காலத்துத் தமிழ் அவனிடம் தேவாரமாகக் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. பேச்சாக ஒன்றும் இல்லை. அல்பெர்கேரியா சந்துக்குள் ஒரே அறையில் இருவரும் இருந்த காலத்தில் நகுலேஸ் அவனுக்குப் பழக்கிய முதல் வார்த்தை, போய்விட்டு வருகிறேன் என்பதற்கு ஊரில் சொல்லும் "போட்டு வாறன்". கேசவெனுக்கு அது பிடித்துப் போயிற்று. வேலைக்குப் போனாலும் சொல்வான், கக்கூசுக்குப் போனாலும் சொல்வான். 'ட்டு' வராது, 'ற' தொண்டைக்குள் சிக்கிக் கரகரக்கும். "போத்து வாரன்." அறையே சிரிக்கும்.

போன வருட மழையில் ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கராஜுக்கு வந்தான். கராஜ் நிலத்துக்கு அடியில். தெருத்தண்ணீர் சரிவுப்பாதையால் இறங்கியது. இரும்புக்கதவு வெளிப்பக்கம் திறப்பது. வெளியே தண்ணீர் அழுத்திக்கொண்டு நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு, அவனைத் தட்டுகளின் ஆக உச்சியில், கூரையோடு முகம் ஒட்டியபடி கண்டார்கள்.

கைக்கு எட்டிய பெட்டிகளையெல்லாம் தனக்கு முன்னம் மேலே ஏற்றியிருந்தான்.

நகுலேஸ் கதவைத் திறந்தான். ஈரச் சுண்ணாம்பும் பழைய டீசலும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. வெளியே நடுமதியம், உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. சுவரில் இருந்த சுவிச்சை அழுத்தினால் விளக்கு கொஞ்ச நேரம் எரியும், பிறகு தானாகவே அணையும். கரண்ட் மிச்சம் பிடிக்கும் கட்டடம். அணைகிறபோதெல்லாம் இருட்டில் தடவிக்கொண்டு சுவருக்கு வர வேண்டும்.

வேலை இருந்தது, நல்லதாயிற்று. கடற்கரைக் குடையைத் துடைத்துச் சுருட்டினான். சாய்கதிரைகளை மடித்து ஆணியில் தொங்கவிட்டான். ஆவணியில் காய்ச்சி அடைத்த தக்காளிச் சாற்றுப் போத்தல்களை நடுத்தட்டில் அடுக்கினான். மார்கழியில் எடுக்கும் நத்தார்க் குடில் பெட்டி சின்யோராவுக்கு எட்டும் உயரத்தில். தரையின் வடிகாலைக் கிளறியபோது போன வருடத்துச் சேறு கறுப்பாக வந்தது.

மூலையில் ஒரு சோடி மஞ்சள் ரப்பர் பூட்ஸ். கேசவெனுடையவை. எறிய மனம் வரவில்லை. துடைத்துக் கதவடியில் வைத்தான்.

திறப்பை எடுத்துக்கொண்டு திரும்பும்போது வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"சரி கேசவென். போட்டு வாறன்."

விளக்கு அணைந்தது.

இருட்டுக்குள், தட்டுகளின் உச்சியிலிருந்து, ஆரோ மெல்ல மூச்சு விட்டார்கள். நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சு.

தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கேசவெனின் சவ அடக்கத்தில் அவனே வாய் மூடிக்கொண்டு வந்தவன். ஆனால் செத்த இடம் இதுவல்லவா. இங்கே வந்து, திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் பூட்ஸ் கதவடியில் இல்லை. நடுத்தட்டு வெறுமை. கீழ்த்தட்டு வெறுமை. போத்தல்கள், குடில் பெட்டி, குடை எல்லாம் உச்சித்தட்டில், கூரையோடு ஒட்டியபடி நெருக்கிக் கிடந்தன. பெட்டிகளில் ஈரக்கை பிடித்த அடையாளம்.

சின்யோரா எட்டிப் பார்த்தாள். "நிக்கோலா, குடிலை எடுக்க நான் சிறகு முளைத்துப் பறக்க வேண்டுமா?"

"இறக்கி வைக்கிறேன், சின்யோரா."

இறக்கினான். அடுத்த நாள் எல்லாம் மீண்டும் மேலே. இறக்கினான். மேலே. சும்மா சொல்லக்கூடாது, அவனைவிடச் சுத்தமான அடுக்கு. சின்யோரா பேயை வேலைக்கு வைத்துக்கொண்டு தன்னை அனுப்பிவிடுவாளோ என்றுகூட ஒரு கணம் பயந்தான். சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

தொலைபேசியில் குகனேஸ்வரியிடம் சொன்னான்.

"வேலையை விடுங்கோப்பா," என்றாள் அவள்.

"விட்டால் நீங்கள் எப்பிடி வாறது?"

பிறகு சொன்னாள்: "அப்ப ஒண்டும் சொல்லாமல் வாங்கோ. திரும்பிப் பாராதையுங்கோ. செத்த வீட்டில செய்யிற மாதிரி."

அப்படிச் செய்யும் முன் சின்யோராவிடமும் கேட்டுப் பார்த்தான். மேல்வீட்டை இரண்டு மடங்கு துடைக்கிறேன், கராஜுக்கு மட்டும் வேறு ஆளைப் பிடியுங்கள் என்றான். அவள் அவனை இரக்கத்தோடுதான் பார்த்தாள். "வேறு ஆளைப் பிடித்தால் எல்லாவற்றுக்கும் அவனையே பிடிப்பேன், நிக்கோலா. நான் பணக்காரி இல்லை."

அன்று பின்னேரம் கராஜைப் பூட்டப் போனான். எதையும் இறக்கவில்லை. வாசலில் மணல்மூட்டைகளை அடுக்கினான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, திரும்பிப் பாராமல், கதவைத் தள்ளிச் சாத்தினான். திறப்பைத் திருப்பினான்.

உள்ளேயிருந்து, இரும்புக்கு அந்தப்பக்கம் உதடு வைத்தாற்போல, மெதுவாக:

"போத்து வாரன்."

அவன் ஓடினான். பல்லரோ சந்தையின் மீன் ஈரத்தில் வழுக்கி, யாரோ ஒரு வியாபாரியின் எலுமிச்சைக் கூடையைத் தட்டிவிட்டு, வசவு வாங்கிக்கொண்டு அறைக்கு வந்து சேர்ந்தான். வசவு அன்றைக்கு இனித்தது. உயிருள்ள ஆள் ஏசுகிறான் அல்லவா.

காலையில் எழுந்தபோது வானம் கறுத்திருந்தது. மழை சந்துக்குள் சாய்த்து ஊற்றியது. அறைக்காரர்கள் முன்னமே வேலைக்குப் போய்விட்டார்கள். கட்டிலடியில் கழற்றி வைத்த சப்பாத்தைக் காணவில்லை.

தேடினான்.

அலுமாரிக்கு மேலே இருந்தது. கூரையோடு ஒட்டியபடி. பக்கத்தில் அவனுடைய சூட்கேஸ், சோற்றுப்பானை, கேசிகாவின் படம். படத்தின் விளிம்பில் ஈரவிரல் தடம்.

ஆரோ அவனுடைய வாழ்க்கையைத் தண்ணீருக்கு எட்டாமல் ஏற்றி வைத்திருந்தார்கள். அவனை ஒழிய.

தொலைபேசி அடித்தது. சின்யோரா. "நிக்கோலா, தெருவில் தண்ணீர் ஓடுகிறது. கணவரின் கார் கீழே நிற்கிறது. உடனே வா." குரலை ஒருமுறை இறக்கிக்கொண்டாள். "நீ வருவாய் என்று எனக்குத் தெரியும்."

போகாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ இல்லை. கணக்கு எந்தப்பக்கம் போட்டாலும் அந்தச் சரிவுப்பாதையில்தான் இறங்கியது. ஈரச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டான். போகும் முன் வீட்டுக்கு அடித்தான்.

"மழையோ அங்கை?" என்றாள் குகனேஸ்வரி.

"ஓம். ஒருக்கா கீழை போய்க் காரை வெளியில எடுத்து விடவேணும்."

"கவனமப்பா."

"நீர் யோசியாதையும். கதவைத் திறந்து வைச்சுக்கொண்டுதான் வேலை செய்வன்." பகிடி ஒன்று தேடினான், அகப்படவில்லை. "பிள்ளையைப் பாரும். போட்டு வாறன்."

மறுமுனையில், பின்னால் கேசிகா சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா," என்றாள் குகனேஸ்வரி, குரல் சுருங்கி. "ஆரது உங்களோட சேந்து சொன்னது?"

அறையில் அவனைத் தவிர ஒருவரும் இல்லை. அலுமாரி உச்சியிலிருந்து ஒரு துளி அவனுடைய பிடரியில் விழுந்தது.

கேசிகா தொலைபேசியைப் பறித்துக்கொண்டாள்.

"அப்பா, அந்த மாமாவைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கோ. அவருக்கு வடிவாச் சொல்லத் தெரியேல்லை."