எதிர்க்கடைக் குளவிகள்

ஷட்டரை நெம்பித் திறந்தபோது கடைக்குள் இருந்தவர்கள்:

றொமேஷ், கடை முதலாளி. முகம் பூசணிக்காயாக வீங்கி, தரையில் கிடந்தான். உயிர் இல்லை.

குளவிகள். புகை போட்ட பிறகும் சில கூரையில் ஊர்ந்தன. கீழே மூடி திறந்த தகரப் பெட்டி.

பிறகு உள்ளே வந்தவர்கள்: சப் இன்ஸ்பெக்டர் ஹஸீப். றொமேஷின் மனைவி நிலக்ஷனா. எதிர்க்கடை நிஷாந்த். ஷட்டரை நெம்பக் கம்பி கொடுத்தவனும் அவன்தான்.

இன்னொன்றும் இருந்தது... சைரன்!

றொமேஷின் கையருகே தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. ஹஸீப் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறுத்த வழி தெரியவில்லை. பூட்ஸால் ஒரு மிதி.

அமைதி.

ஆதாரத்தை மிதிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் காது அவருடையது.

"அந்தத் தகரப் பெட்டி என்னது சேர்," என்றான் நிஷாந்த். "உள்ள குளவிக் கூடு. சோதிச்சுப் பாக்க வச்சிருந்தேன். பின்கதவால வந்து தூக்கிட்டுப் போயிருக்கான்."

"இந்த சைரன்?"

"அது அவன் செஞ்சது. என் அலாரம் சத்தம் போடாது. அதிரும். அவ்வளவுதான்."

பசறை பஜாரில் எதிரெதிரே இரண்டு போன் கடைகள். நிஷாந்த் மழையில் நனையாத போன் உறை கொண்டுவந்தால், அடுத்த வாரமே றொமேஷ் அதில் டோர்ச் வைப்பான். நிஷாந்த் சார்ஜ் ஏற்றும் சோலார் தொப்பி செய்தால், றொமேஷ் அதில் ரேடியோ பாடவிடுவான். இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு மட்டும் கொண்டாட்டம். ஊருக்கு ஏற்ற சாமான் மலிவாகக் கிடைத்தது.

கடைசியாகக் குளவி அலாரம். கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் செருகிக்கொண்டால் போதும். செடிக்குள் கூடு இருந்தால் ரீங்காரத்தைக் கேட்டு எச்சரிக்கும். நமுனுகுலத் தோட்டத்துரை எல்லாருக்கும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். எது நல்லதோ அது. திங்கட்கிழமை காலை ஆட்கள் கூடும் பெரட்டில் சோதனை.

இப்போது போட்டியில் ஒரே ஆள்.

நடந்தது ஹஸீபுக்குப் புரிந்தது. விடியற்காலைக் குளிரில் குளவி மரத்துக் கிடக்கும். அந்த தைரியத்தில் றொமேஷ் தன் அலாரத்தைச் சோதிக்க மூடியைத் திறந்திருக்கிறான். எதிர்க்கடைக்காரன் பார்த்துவிடக் கூடாதென்று ஷட்டரை உள்பக்கம் பூட்டியிருக்கிறான். சைரன் அலறியதும் கூடு மொத்தமும் வெறி பிடித்துக் கிளம்பியிருக்கிறது. பூட்டில் சாவியை நுழைக்க நேரம் கிடைக்கவில்லை.

திருட்டு. விபத்து. ஃபைலை மூடலாம்.

வாசலில் நிலக்ஷனா மறித்தாள். அழுது முடித்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் திருடினாரு சேர். அதுல பொய் இல்ல. ஆனா நிஷாந்த் கக்கூஸுக்குப் போனாக்கூட கடையப் பூட்டிட்டுப் போறவன். நேத்து மட்டும் எப்படித் தொறந்து கெடந்துச்சு?"

ஹஸீப் எதிர்க்கடையின் பின்கதவைப் போய்ப் பார்த்தார். கொண்டியில் ஒரு கீறல் இல்லை. பூட்ட மறந்துவிட்டதாக நிஷாந்த் சொன்னான். மறதிக்குச் சட்டத்தில் தண்டனை இல்லை. அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க அவனை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

வந்தான். தலை வாரியிருந்தான்.

ஹஸீப் டீ வரவழைத்தார். தோட்டத்துரையிடம் போனில் பேசியதாகச் சொன்னார். சைரன் விஷயம் கேட்டு துரை அசந்துபோனாராம். கொஞ்சம் திருத்தி அதையே வாங்கப் போகிறாராம். பெயர்கூட வைத்துவிட்டாராம்... றொமேஷ் அலாரம்! பெரட்டில் படம் வைத்து மாலை போடுவார்களாம்.

நிஷாந்தின் டீ கோப்பை பாதி வழியில் நின்றது.

"றொமேஷ் அலாரமா?"

"பின்ன? ஒங்களது சும்மா அதிரும். அவன் மூளைக்காரன். ரீங்காரத்தக் கேட்டு சைரன் அடிக்க வைக்கிறது லேசான வேலையா?"

"காப்பி அடிக்கத் தெரிஞ்சவன் சேர் அவன். அவ்வளவுதான்."

"செத்தவனப் பத்தி அப்படிப் பேசாதீங்க. சின்னப் பெட்டிக்குள்ள எவ்வளவு சத்தம்! ஒங்களால முடியுமா?"

நிஷாந்த் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். திங்கட்கிழமை தோட்டத்துக்குப் போகலாம்.

ஹஸீப் பேனாவை நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கொற. நிறுத்துறதுக்கு சுவிட்ச் வைக்க மறந்துட்டான். அரைகுறை வேலை."

"மறக்கல!"

டீ மேசையில் சிந்தியது.

"அரைகுறை இல்ல சேர். வேணும்னுதான் வைக்கல. அது முழுக்க என் டிசைன். அவனுக்கு சோல்டர் பிடிக்கவே வராது. நான் செஞ்சு பெட்டி பக்கத்துல..."

நிறுத்தினான்.

"சொல்லுங்க," என்றார் ஹஸீப். "பெட்டி பக்கத்துல?"

பூட்டாத பின்கதவு, குளவிப் பெட்டி, நிற்காத சைரன். மூன்றும் றொமேஷுக்கு வைத்த பொறி. மூலையில் பொலிஸ்காரர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"துரை... நெசமாவே அந்தப் பேரா வச்சாரு?"

"துரைகிட்ட நான் பேசவே இல்ல."

நிஷாந்த் தானாகவே எழுந்து ஸ்டேஷன் கூண்டுக்குள் நடந்தான். உள்ளே நின்று கதவின் பூட்டைத் தடவிப் பார்த்தான். பழக்கதோஷம்.

"அரதப் பழசு சேர். நான் இதவிட நல்லதா செய்வேன்."

"இதுவே போதும்," என்றார் ஹஸீப். "ஒங்க சைரன் மாதிரித்தான். உள்ள இருக்கிறவனால ஒண்ணும் பண்ண முடியாது."

கதவைச் சாத்திப் பூட்டினார்.