தூக்குக் காட்சிக்கு ஒரு சிரிப்பு

சாண்ட்விச்சை இரண்டு கடியோடு கீழே வைத்துவிட்டான் லோவெல். ஒலிப்பதிவு அறைக்குள், வாரக்கணக்கில் துவைக்காத காலுறையின் வீச்சம். படச்சுருள் கிடந்த தகர டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள் ஒலிப்பதிவாளர் இனெஸ். நூறு வருஷம் ஏதோ தானியக் கொட்டகையில் கிடந்த சுருள் ஓரமெல்லாம் இளகி, பழுப்புப் பாகாகத் தகரத்தில் ஒட்டியிருந்தது. மூடியைத் தொட்ட விரலை எத்தனை முறை துடைத்தும் பிசுக்குப் போகவில்லை.

பழைய ஊமைக் கௌபாய்ப் படங்களை ஓடவிட்டு, கூடவே கதையளப்பது லோவெலின் பிழைப்பு. ஹாலிவுட்டை அடுத்த பர்பேங்க்கில் அந்த வேலைக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. அன்று காலையும் அப்படித்தான். குதிரைத் திருடனைத் தூக்கில் போடும் காட்சியில் தொங்கியவனின் கால்கள் படபடவென்று அடித்துக்கொண்டதைப் பார்த்து, "என்னமா ஆடறான் பாருங்க!" என்று வயிறு குலுங்கச் சிரித்துப் பதிவு செய்திருந்தான்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து இனெஸின் குரல் காதுக்கருவியில் வந்தது. "காலையில ஓட்டுன வேகம் தப்பு, லோவெல். கேமராவைக் கையால சுத்துற காலமில்லையா, கேமராக்காரன் ரொம்ப மெதுவா சுத்தியிருக்கான், அதான் எல்லாம் படபடன்னு ஓடுச்சு. இப்ப சரியா போடறேன். பேச்சைக் கொஞ்சம் இழுத்துக்கோங்க."

சுருளிலிருந்து எடுத்த நகல் திரையில் ஓடியது. தூக்குமரம், தூசி, தொப்பிக்காரர்கள். கயிறு இறுகியது. இந்த வேகத்தில் அது ஆட்டமாக இல்லை. கால்கள் எதையோ தேடின, தரையைத் தேடின. நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. காற்சட்டையின் முன்பக்கம் நனைந்து, ஈரம் தொடைவழியே கீழிறங்கியது. ஒருவன் ஓடிவந்து கால்களைத் தூக்கிப் பிடிக்கப் போனான். திரையின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைச் சட்டைக் கை நீண்டு, அவனைத் தள்ளிப்போகச் சொன்னது. மற்றவர்கள் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

லோவெல் சாண்ட்விச்சைத் தள்ளிவைத்தான். அந்தச் சாவின்மேல் தன் சிரிப்பு ஒட்டியிருக்கிறது என்று நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

"இனெஸ், அந்தாளு நடிக்கலை. நிஜமாவே சாகறான்."

"எங்க? நான் ஒலி மீட்டரைப் பாத்துட்டிருந்தேன்."

"காலையில நான் சிரிச்சதை அழிச்சிடு. இப்பவே."

"ஐயோ, அந்தச் சிரிப்பு இல்லேன்னா படம் உப்புச்சப்பில்லாம போயிடும்! முன்னோட்டத்துக்கே அனுப்பியாச்சு. அழுமூஞ்சியா ஆகாதீங்க."

அப்போது சிரிப்பு கேட்டது. அவனுடைய சிரிப்பேதான், அந்த இழுப்பும் இருமலுமாக.

"அதை ஏன் போடறே?"

"நான் ஒண்ணும் போடலையே."

காதுக்கருவியைக் கழற்றினான். சிரிப்பு நிற்கவில்லை. திரையில் தொங்கியவன் இத்தனை நேரத்துக்குச் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. பிதுங்கிய கண்கள் கூட்டத்தைத் தாண்டி, கேமராவைத் தாண்டி, சிரிப்பு வந்த பக்கமாகத் திரும்பின. லோவெலைக் கண்டன.

நாற்றம் மூக்கை விட்டு வாய்க்குள் இறங்கியது. இனிப்பாக. பிசுபிசுப்பாக. நாக்கை அசைத்தான். அது பற்களுக்கு வெளியே இருந்தது.

கழுத்தைத் தடவினான். கயிறு இல்லை. எதுவும் இல்லை. ஆனாலும் இறுகியது. நாற்காலி சரிந்தது. கால்கள் தரையைத் தேடின. கிடைக்கவில்லை. தொடையில் வெதுவெதுப்பு.

இனெஸ்!

குரல் வரவில்லை. கண்ணாடியை உதைத்தான். எட்டவில்லை.

அவள் மீட்டரிலிருந்து தலையை நிமிர்த்தினாள். தொங்கித் துடித்த அவனைப் பார்த்தாள். அவளுடைய வாய் மெல்லத் திறந்தது. பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால், சத்தமே இல்லாமல், சிரிக்க ஆரம்பித்தாள்.