வில்ஃப் எழுந்து நிற்கிறார்

ஹாலிஃபாக்ஸில் ஜனவரி மாதம் சாயங்காலத்துக்கு முன்பே இருட்டிவிடும். வில்ஃப் ஆக்ராய்டின் வீட்டுக்குள் நான் நுழைந்தபோது அவருடைய மகள் டெனிஸ் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். வயதானவர்கள் கீழே விழாமல் தங்கள் வீட்டிலேயே வாழ முடியுமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. முடியாது என்றால் முதியோர் இல்லம்தான். வில்ஃபுக்கு அந்தப் பேச்சே ஆகாது.

நாற்காலியின் உயரத்தை அளக்க டேப்பை எடுத்தேன்.

"என்ன கண்ணு, சவப்பொட்டிக்கு அளவெடுக்கிறியா? இன்னும் நாளிருக்கு," என்றார்.

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. ராத்திரி விழுந்து கெடந்தா யாருப்பா தூக்குறது?" என்றாள் டெனிஸ்.

"உங்கம்மா இருக்காளே."

டெனிஸின் முகம் சுருங்கியது. அவளுடைய அம்மா ஐவி இறந்து ஒரு வருடமாகிறது. டீ போடுகிறேன் என்று டெனிஸ் சமையலறைக்குப் போய்விட்டாள்.

நாற்காலி மிகவும் தாழ்வு. வில்ஃபின் தொடைகளில் சதையே இல்லை. இவரால் தானாக எழ முடியாது என்று பார்த்ததுமே தெரிந்தது.

"எங்க, எழுந்திருங்க பார்க்கலாம்."

வலது கையை லேசாக விரித்தார். அவ்வளவுதான். எழுந்துவிட்டார்.

அக்குளுக்குக் கீழே அவருடைய கம்பளிச் சட்டை கசங்கியது. நான்கு விரல்கள் பதிந்த பள்ளம்.

எங்கிருந்தோ லாவெண்டர் சோப்பு வாசனை.

"எனக்குப் பக்கவாதம் வந்ததிலேர்ந்து அவதான் தூக்கிவிடுறா," என்றார் வில்ஃப் பெருமையாக. "ஒரு தடவகூடக் கை விட்டதில்ல."

அந்தப் பள்ளத்தை நானே பார்த்தேன். ஆனாலும் எதுவோ தாங்குகிறது என்று நம்பி இவரைத் தனியாக விட முடியுமா? சோபாவில் உட்கார்ந்து தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஐயா, நீங்க இல்லத்துக்குப் போறதுதான் நல்லது."

"மெதுவாப் பேசு கண்ணு," என்று கிசுகிசுத்தார். "அவளுக்குப் பிடிக்காது."

கிளம்பலாம் என்று எழப் பார்த்தேன்.

முடியவில்லை.

என் தோள்களில் இரண்டு கைகள்.

ஈரமான, கனமான கைகள். அவை அழுத்த அழுத்த நான் சோபாவுக்குள் புதைந்தேன். கத்த மூச்சு வரவில்லை.

"இங்கயே இருக்கட்டும்," என்றேன் திணறியபடி. "அவரு இங்கயே இருக்கட்டும், ஐவிம்மா."

கைகள் விலகின.

அப்படியே எழுதிக் கொடுத்தேன். பயம், வேறென்ன.

பிப்ரவரியில் டெனிஸ் என்னைக் கூப்பிட்டாள். அப்பா போனை எடுப்பதில்லையாம். பனியில் வழி அடைபட்டு அவளாலும் கொஞ்ச நாளாக வர முடியவில்லை. இருவரும் போய் மணியை அழுத்தினோம். கதவின் மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உருவம் நிமிர்ந்து நடந்து வந்தது.

"அட, கைத்தடிகூட இல்லாம வர்றாரே!" டெனிஸ் சிரித்தேவிட்டாள். "தினமும் ஜன்னல்கிட்ட நிக்கிறாருன்னு பக்கத்து வீட்லயும் சொன்னாங்க. நீங்க சொன்னதுதாங்க சரி."

கதவு திறந்தது.

முதலில் நாற்றம்தான் வந்தது.

வில்ஃபின் தலை மார்பில் தொங்கியது. முகம் கறுத்து ஊதியிருந்தது. அவர் இறந்து பல நாளாகியிருக்க வேண்டும்.

டெனிஸ் அலறினாள்.

அவர் மெல்லத் திரும்பினார். கால்விரல்கள் கம்பளத்தில் உரச, நாற்காலி வரை போனார். பார்த்துப் பார்த்து உட்காரவைக்கப்பட்டார்.

பிறகு, தரையில் கிடந்த போர்வை எழும்பி வந்து அவருடைய மடியை மூடியது.