இரண்டாம் லைன்

பழைய டைரியைத் திறந்ததும் ரத்த வாடை அடித்தது. மழையில் நனைந்த தண்டவாளத்தின் வாடைதான் ஜன்னல் வழியாக வருகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். ஸ்டேஷனுக்கு நூறு வயதாகிறது, அதன் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதி உடனே அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கட்டிய ஆண்டு, முதல் வண்டி, பெரிய கடிகாரம் எல்லாம் மளமளவென்று வந்துவிட்டன. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய விபத்தில் வந்து பேனா சண்டித்தனம் செய்தது.

அன்று இதே நாற்காலியில் இருந்தவர் அவருடைய அப்பா. இரண்டாம் லைனில் சரக்கு வண்டி நிற்பதை மறந்து, பாசஞ்சர் வண்டியையும் அதே லைனுக்குத் திருப்பும்படி, லீவரை இழுத்துப் பாதை மாற்றும் பாயிண்ட்ஸ்மேனிடம் சொன்னார். நாற்பத்தொரு பேர் நசுங்கிச் செத்தார்கள். ஆனால் டைரியில், முதல் லைன் என்றுதான் சொன்னேன், பாயிண்ட்ஸ்மேன் மாற்றித் திருப்பிவிட்டான் என்று எழுதிவைத்து, கேட்டவர்களிடமும் அதையே சொன்னார். அதை நம்பிய கூட்டம் பிளாட்பாரத்திலேயே ஜல்லிக்கல்லால் பாயிண்ட்ஸ்மேனின் மண்டையைப் பிளந்தது. சாகும் தறுவாயில் அப்பா உண்மையை மகனிடம் மட்டும் சொல்லி அழுதார்.

செத்துப்போன அப்பாவின் பெயரை இனிமேல் கெடுப்பானேன்? மனசு உறுத்தத்தான் செய்தது. இருந்தாலும் எழுதினார்: 'பாயிண்ட்ஸ்மேனின் கவனக்குறைவால்.'

வெளியே மழைச் சத்தம் நின்றது. மழை நிற்கவில்லை.

நெட்டை வந்து கதவருகே நின்றான். இப்போதைய பாயிண்ட்ஸ்மேன், நிலை இடிக்காமல் எந்தக் கதவிலும் நுழையத் தெரியாதவன். ஆறு மணி பாசஞ்சரில் மாஸ்டரின் ஒரே மகள் வருகிறாள். மதியம் வந்த சரக்கு வண்டி இரண்டாம் லைனில் நிற்கிறது, பாதை இன்னும் அதன் பக்கமே திரும்பியிருக்கிறது. உத்தரவைக் கேட்டு, வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி, அதற்குப் பிறகுதான் லீவரில் கை வைக்க வேண்டும் என்பது அங்கே முறை.

"பாப்பா வர்ற வண்டி பக்கத்து ஸ்டேஷன விட்டுருச்சு சார். மொதல் லைன்தானே?"

"மொதல் லைன். சீக்கிரம் போ."

"மொதல் லைன்," என்று சொல்லிவிட்டு அவன் மழையில் இறங்கினான்.

ஜல்லி நொறுங்கியது. ஒருவன் நடக்கும் சத்தமில்லை, ஒரு வண்டிக் கூட்டமே இறங்கி நடக்கும் சத்தம். வண்டி எதுவும் வரவில்லையே என்று மாஸ்டர் ஜன்னலுக்குப் போனார். பிளாட்பாரம் நிறைய ஆட்கள். ஒருவருக்குத் தாடை இல்லை. ஒருவரின் நெஞ்சு பலகைபோல் தட்டையாகியிருந்தது. ஆளுக்கொரு கல். நடுவில் நெட்டை, நகர வழியில்லாமல்.

பாதி முகம் மட்டும் இருந்த பெண் ஒருத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"யாரு செஞ்சது?"

அப்பா என்று சொன்னால் அந்தக் கல்லெல்லாம் யார் மேல் விழும் என்று அவருக்குத் தெரியும்.

"பாயிண்ட்ஸ்மேன்," என்றார்.

எல்லோரும் நெட்டையைப் பார்த்தார்கள்.

"சார், நான் இன்னும் லீவரத் தொடவே இல்ல சார்."

முதல் கல் அவன் வாயில் விழுந்தது. பற்கள் சிதறின. அடுத்தது நெற்றியில். விழுந்த பிறகும் விடவில்லை. குனிந்து குனிந்து இடித்தார்கள். எலும்பு நொறுங்கியது. நீண்ட கால்கள் இரண்டு முறை உதறின. அடங்கின.

தூரத்தில் ஊதல்.

லீவர். யாருமில்லாத லீவர். மாஸ்டர் ஓடினார். ஈரக் கைகள் பிடித்தன. தோளை. தலைமுடியை. கழுத்தை. "விடுங்க, எம் பொண்ணு," என்று கதறினார். விடவில்லை.

வண்டியின் விளக்கு வளைவில் திரும்பியது. இரண்டாம் லைன் பளபளத்தது.

கூட்டம் கற்களைக் கீழே போட்டது. யாரையோ வரவேற்க வந்தவர்கள்போல் பிளாட்பார ஓரமாக வரிசையாக நின்றார்கள். அந்தப் பாதி முகத்துக்காரி மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றாள், பக்கத்தில் ஒரு பெண் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு.