பன்னிரண்டாவது குகை

டிவியில் எடுத்த எடுப்பிலேயே பன்னிரண்டாவது குகை வந்து நின்றது. முதல் குகையல்லவா வரவேண்டும்? அந்த மஞ்சள் வீடியோ கேம் கேசட்டுக்கு எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாது. செட்டை அணைத்தால் எல்லாம் போச்சு. அதனால்தான் ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போதுகூட கேமைப் பாஸில் போட்டு நிறுத்திவிட்டு டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் போவார்கள். வீணா பதினோரு வயதில் கடைசியாக விளையாடியது இந்தக் குகையில்தான். பதின்மூன்று வருஷம் பீரோ மேல் தூசி தின்ற செட், விட்ட இடத்திலேயே நிற்கிறது.

"டிகிரி படிச்சவ பண்ற வேலயப் பாரு. லீவுன்னா ஒரு டம்ளர் கழுவுறியா?" திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சமையல் மேடையிலிருந்து அம்மா சரசு.

"ஆறு நாளு அந்த டீம் லீடர் ஹரிஷ் கிட்ட திட்டு வாங்கறேன் இல்ல? ஒரு நாளு சும்னே இருக்க வுடும்மா!"

மத்தியான மழை ஷீட்டுக் கூரையில் கொட்ட, சூடேறிய பிளாஸ்டிக்கும் பழைய தூசியும் கலந்த வாடை மூக்கில் ஏற, சிவப்புத் தலைப்பாகைக்காரனை அவள் ஈரப் பாறைகள்மேல் ஒவ்வொன்றாகத் தாவ வைத்தாள். ஒரு வௌவால் அவன் காலை உரசியது. அவன் உயிரைக் காட்டும் மூன்று இதயங்களில் ஒன்று போயிற்று.

"ஆ!"

"இன்னாமா?"

"கால்ல இன்னாமோ கடிச்சிச்சுடி."

தலைப்பாகைக்காரன் இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். அவன் அப்படி நடந்து அவள் பார்த்ததேயில்லை. மேலிருந்து ஒரு கல் அவன் தோளில் விழுந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் தட்டு உருண்டது.

"யாரோ தோள்ல அடிச்ச மாரி... வீணா, டீய ஊத்துறேன், வந்து எடு. நிக்க முடியல."

வீணா தட்டு உருண்ட பக்கத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே ஒரு இதயம் மிச்சம். இருட்டிலிருந்து ராட்சசன் எழுந்தான். சின்ன வயதில் ஒருநாளும் அவனை ஜெயித்ததில்லை. சுவிட்சுக்குப் போன கை நின்றது. அணைத்தால் எல்லாம் போச்சு.

"வீணா!"

"தோ வந்துட்டேன்மா."

கட்டைவிரல் தானாகப் பாஸை அமுக்கியது. பழக்கம்.

டிவி உறைந்தது. மழை கேட்டது. சமையல் மேடையில் சத்தமில்லை.

கையில் கேம் பேடைப் பிடித்தபடி, வயர் எட்டும் மட்டும் போய், திரையை விலக்கினாள்.

அம்மா நின்றிருந்தாள். சாய்த்த பாத்திரம். அதிலிருந்து இறங்கிய டீ, டம்ளரைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. ஆவி அசையவில்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

"அம்மா?"

கண்கள் மட்டும் திரும்பின. வீணாவைப் பார்த்தன. பிறகு பின்பக்கம், சுவர்ப் பக்கம் போக முயன்றன.

சுவரில் இரண்டு நிழல்கள். ஒன்று அம்மாவுடையது. மற்றது கூரைவரை. விரித்த கை. அம்மாவின் கொண்டைக்கு ஒரு சாண் மேலே.

இடி இடித்தது. பல்பும் டிவியும் ஒருமுறை மங்கி எரிந்தன.

விரல்கள் இப்போது கொண்டையைத் தொட்டிருந்தன.