கிரகணம் விட்ட பிறகு

ஆறு ஐம்பதுக்கெல்லாம் கிரகணம் விட்டிருக்க வேண்டும். கூடத்தில் உலக்கை விழும் சத்தம் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

உள்ளறைக் கட்டிலில், எட்டு மாத வயிற்றை இரு கைகளாலும் அணைத்தபடி, தேவிப்பிரியா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கர்ப்பிணிமேல் கிரகணம் படக்கூடாதென்று மாமியார் ரஞ்சிதம் ஜன்னல் இடுக்குகளில் பழைய புடவைகளைத் திணித்து, கதவை வெளியே தாழிட்டு, தாம்பாளத்து மஞ்சள் நீரில் உலக்கையை நட்டமாக நிறுத்தியிருந்தாள். கிரகணம் விட்டால்தான் உலக்கை சாயும். சாய்ந்தால்தான் கதவு திறக்கும்.

"சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவுல பூமி நேரா வருது அத்த. நிலாமேல விழறது நம்ம நிழல்தான். இன்னிக்குக் கடல்லேர்ந்து எழும்பும்போதே பாதி மறைஞ்சிருக்கும், அவ்ளோதான்" என்று சாயங்காலம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

"ஊரு நிழலு மொத்தமும் அதுல கெடக்குதுன்னா இன்னும் மோசம்டி, காலேஜிக்காரி. உள்ள போ."

இப்போது சிரிப்பு வரவில்லை. குருசுக்குப்பத்துத் தெருவில் ஒரு பைக் சத்தம்கூட இல்லை. புடவைத் துணியை மீறி உப்புக்காற்றும், அதற்கடியில் நனைந்த சாம்பல் போன்ற ஒரு வாடையும் மெல்ல மெல்ல அறையை நிறைத்தன. நிலா எழுந்ததிலிருந்து குழந்தை அசையவில்லை. பகலெல்லாம் உதைத்த குழந்தை.

மணி ஏழரை.

"அத்த, கொழந்த அசையல. தொறங்க, ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"ஒலக்க நின்னுக்கினே இருக்குதும்மா." கதவுக்கு வெளியே ரஞ்சிதம் தாழ்ப்பாளை ஆட்டும் சத்தம். "தள்ளிக்கூடப் பாத்துட்டேன். தாழ்ப்பாளும் வரலடி... ஐயோ, வரலியே!"

தட்டாஞ்சாவடி கம்பெனியிலிருந்து கணவன் சரத்குமார் போனில் பேசினான். "கெளம்பிட்டேன் பிரியா. நிலா முழுசா பளபளன்னு இருக்கு, எப்பவோ விட்டுடுச்சு. ரெண்டு பேரும் பயப்படாம இருங்க."

நிலாவில் நிழல் இல்லை.

அடிவயிறு சில்லிட்டது. புடவையை விலக்கினாள். டியூப்லைட் வெளிச்சத்தில், வயிற்றின்மேல் செம்பு நிறத்தில் ஒரு வளைந்த விளிம்பு. அதற்குக் கீழே இருட்டு. கையை அதன்மேல் வைத்தாள். கையில் நிழல் விழவில்லை.

தோலுக்கு உள்ளே இருந்தது.

விளிம்பு ஏறியது. தொப்புளைத் தொட்டது. தாண்டியது.

அப்போதுதான் குழந்தை அசைந்தது. உதைக்கவில்லை. ஒதுங்கியது. அந்த இருட்டை விட்டு மேலே, இன்னும் மேலே, விலா எலும்புக்கு அடியில், இடமே இல்லாத இடத்துக்கு.