பின் சக்கரத்து எலுமிச்சம்பழம்

ட்ரிங்... ட்ரிங்...

விளாங்குடி வீட்டில் காய்ச்சலோடு போர்த்திப் படுத்திருந்த ராஜாராமன், எழுந்து வந்து ரிசீவரை எடுத்தான். காலை மணி ஏழரை.

"ராஜாராமன் வீடுங்களா? இன்ஸ்பெக்டர் காளை பேசுறேன். மனசத் தேத்திக்கங்க. அவரு கார் சோழவந்தான் ரோட்டுல கவுந்துருச்சு. ஆளு ஸ்பாட்லயே அவுட்."

"எந்த ஆளு?"

"ராஜாராமன்தாங்க."

"சார்... நான்தான் ராஜாராமன் பேசறேன்."

எதிர்முனையில் இன்ஸ்பெக்டருக்கு இருமல் வந்துவிட்டது.

முக்கால் மணி நேரத்தில் டாக்ஸி பிடித்து ஸ்பாட்டுக்குப் போய் இறங்கினான் ராஜாராமன்.

அவனுடைய சிவப்பு ஹெரால்ட், இரண்டு கதவு ரேஸ் கார், வெற்றிலைக் கொடிக்கால் ஓரத்து வாய்க்காலில் மல்லாந்து கிடந்தது. உள்ளே டிரைவர் முத்திருளன்.

தினமும் விடிகாலையில் இந்த ரோட்டில் வேகப் பயிற்சி எடுப்பவன் ராஜாராமன். இன்று காய்ச்சல். பிறந்த வீட்டில் இருக்கும் மனைவியின் வளைகாப்புக்கு வெற்றிலை வாங்கிவர முத்திருளனை அனுப்பியிருந்தான். சீட்டில் கிடந்த முதலாளியின் ரேஸ் ஜாக்கெட்டை ஆசையாக மாட்டிக்கொண்டு, முதலாளி மாதிரியே வேகமாகப் போயிருக்கிறான், பாவம். அதன் பாக்கெட்டில் ராஜாராமனின் லைசென்ஸ்.

ராஜாராமன் சக்கரங்களைப் பார்த்தான். காய்ச்சலையும் மீறிக் குளிர் எடுத்தது.

முன்னால், வெள்ளிக்கிழமை மாட்டிய புது ரேடியல் டயர். பின்னால்...

சாதா டயர்!

வெள்ளிக்கிழமை அந்த டயர்களை வாங்கியது ஆரப்பாளையத்தில், சிவனாண்டியின் டயர்க் கடையில். காலேஜ் நாளிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதன் சிவனாண்டி. ராஜாராமன் ஓட்டுவான். காரை ரேஸுக்குத் தயார் பண்ணுவது அவன்.

அடுத்த மாத மெட்ராஸ் ரேஸுக்கு எந்த டயர் என்று ஆளுக்கு மூன்று டீ குடித்துப் பேசினார்கள். மெத்தென்ற ரப்பர் ரோட்டைக் கவ்வும், ஆனால் சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் வருஷக்கணக்கில் உழைக்கும், மழை பெய்தால் காலை வாரும். கடைசியில் வெளிநாட்டு ரேடியலைத் தடவிக் காட்டி, இதுதான் என்று முடிவு சொன்னான் சிவனாண்டி. முன்னால் மட்டும் இரண்டு போட்டால் போதாதா என்று ராஜாராமன் கேட்டதற்கு அடிக்க வராத குறை.

"மாப்ள, முன்னாடி ரேடியல், பின்னாடி சாதான்னு போட்டு வளைவுல வேகமாத் திருப்பினேன்னு வையி... முன்பக்கம் கவ்விப் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கிக்கிட்டுப் போயிரும். வண்டி பம்பரமாச் சுத்தும். போட்டா நாலும் போடு."

நாலு சக்கரத்துக்கும் ரேடியலே மாட்டினார்கள். இதைப் பேசும்போது கடையில் இருந்தது அவர்கள் இரண்டே பேர்.

இதை இன்ஸ்பெக்டரிடம் சொன்னான் ராஜாராமன். முத்திருளனே ரேடியலைத் திருடிவிட்டுச் சாதா டயரை மாட்டியிருக்கலாமே என்றார் காளை. அப்படியே இருந்துவிடக் கூடாதா என்று ராஜாராமனும் மனதார ஆசைப்பட்டான்.

இருவரும் விளாங்குடி வீட்டுக் கார் ஷெட்டுக்குத் திரும்பினார்கள்.

தரையில், பின் சக்கரங்கள் நிற்கும் இடத்தில், நசுங்கிய இரண்டு எலுமிச்சம்பழங்கள். ஈரம்கூடக் காயவில்லை!

முத்திருளனின் வழக்கம் அது. ஒரு போல்ட்டை மாற்றினாலும் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்காமல் வண்டியை வெளியே எடுக்கமாட்டான்.

"அப்ப மாட்டினது முத்திருளன்தான்," என்றார் காளை.

"அவன்தான் சார். ஆனா திருடினவன் சாமி கும்பிட்டு அடையாளம் வெச்சுட்டுப் போவானா? ஆபத்துன்னு தெரிஞ்சா அதே வண்டியில ஏறுவானா? நான் மாத்தச் சொன்னதா யாரோ அவன்கிட்ட டயரைக் குடுத்திருக்கான்."

"யாருன்னு செத்தவன் சாட்சி சொல்ல மாட்டானே சார்."

ராஜாராமன் குனிந்து நசுங்கிய பழத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அப்போ நானும் செத்துடறேன். சிவனாண்டிக்கு போன் பண்ணுங்கோ. கார் கவிழ்ந்தது, நான் போயிட்டேன், உடனே வீட்டுக்கு வரணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாதீங்கோ."

காளை அப்படியே செய்தார்.

அரை மணியில் வாசலில் ஜீப் வந்து நின்றது. கையில் பெரிய ரோஜா மாலையோடு ஓடிவந்தான் சிவனாண்டி. கண் சிவந்திருந்தது. உள் அறையில் கதவுக்குப் பின்னால் நின்ற ராஜாராமனுக்கு, அந்த அழுகையைக் கேட்டதும் சந்தேகப்பட்டதே பாவம் என்று தோன்றியது. வெளியே போய்க் கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்று கதவில் கை வைத்தான்.

"தலபாடா அடிச்சுக்கிட்டேனே சார்! பின்னாடி சாதா டயர் போடாதடான்னு... கேட்டானா? இப்பப் போட்டு ஓட்டி உசுர விட்டுட்டானே!"

ராஜாராமனின் கை கதவிலேயே நின்றுவிட்டது.

காளை நிதானமாகக் கேட்டார். "பின்னாடி சாதா டயர் கிடந்துச்சுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? நான் சொல்லலையே."

சிவனாண்டியின் அழுகை பாதியில் நின்றது.

கதவு திறந்தது. போர்வையோடு வந்து நின்றவனைப் பார்த்ததும் சிவனாண்டி சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"நீயாடா?" என்றான் ராஜாராமன். "முத்திருளனுக்கு மூணு பொண்ணுடா."

"அவன நெனைக்கல... நீதான் ஓட்டுவேன்னு அவன்கிட்ட டயரக் குடுத்தேன்," என்றான் சிவனாண்டி. "அந்த வண்டிய ராப்பகலாச் செதுக்குனது நான். மூணு ரேஸ் ஜெயிச்ச. பேப்பர்ல உன் போட்டோ. ஒரு தடவ நான் ஓட்டுறேன்னு கேட்டதுக்குச் சிரிச்ச. மாலை மட்டும் எப்பவும் உன் கழுத்துக்கு. எம்புட்டு நாளைக்கு மாப்ள பாத்துக்கிட்டே நிக்கிறது?"

சிரித்தது உண்மைதான். ராஜாராமனுக்கு அந்த நாள்கூட ஞாபகம் இருந்தது. பத்து வருஷச் சிநேகிதம் ஒரு சிரிப்பில் இற்றுப்போயிருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை.

காளை விலங்கை எடுத்தார். சிவனாண்டி கையை நீட்ட முடியாமல் தடுமாறினான். கையில் மாலை.

ராஜாராமன் அதை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"எனக்கு மாலை விழறதுதானே மாப்ள உனக்கு வயித்தெரிச்சல்? இதை நீயே காசு குடுத்து வாங்கிண்டு வந்திருக்கியே!"